சட்டப் பள்ளி ஆசிரியர் வேலையும் தாத்தாவின் பதினொரு பெட்டிகளும்

சிங்கப்பூரில் எட்டு ஆண்டுகள் வழக்கறிஞராகப் பணியாற்றிய நீங்கள், சட்டப் பள்ளியில் முழுநேர ஆசிரியராக மாற முனைவர் பட்டம் கட்டாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்த உங்கள் தாத்தா, அந்த அலுவலகம் மூடப்பட்டபோது கொண்டுவந்த பழைய சட்டப் புத்தகங்கள் பதினொரு பெட்டிகளில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சாமான் அறையை அடைத்துக்கொண்டிருப்பதாகவும், அவற்றை ஏதேனும் சட்ட நூலகம் பெற்றுக்கொள்ளுமா என்றும் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். முதல் கேள்வியில் பட்டத்தைப் பற்றிய ஐயத்தைவிட, "பயிற்சி வழக்கறிஞர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடித்திருக்கிறது, அது போதுமா" என்ற ஐயமே பெரிதாகத் தெரிகிறது. இரண்டாவது கேள்வி நீங்கள் நினைப்பதைவிட முதல் கேள்விக்கு நெருக்கமானது. ஆகவே இரண்டையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் இருபத்து மூன்று ஆண்டுகள் சட்ட நூலகராக இருந்தவன். அதில் பாதிக்கும் மேற்பட்ட காலம் முதலாண்டு மாணவர்களுக்குச் சட்ட ஆய்வு முறையைக் கற்பித்திருக்கிறேன். ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் குழு எதிலும் நான் அமர்ந்ததில்லை. ஆனால் புதிதாக வந்த ஆசிரியர்கள் எந்தப் புத்தகத்தைக் கேட்டார்கள், எந்த ஆண்டில் முகம் வாடினார்கள், யார் பத்தாண்டு கழித்தும் மாலை ஏழு மணிக்கு அதே மேசையில் அமர்ந்திருந்தார்கள் என்பதை நூலகத்தின் முகப்பு மேசையிலிருந்து பார்த்திருக்கிறேன். கீழே சொல்பவற்றில் எது உறுதி, எது என் கணிப்பு என்பதை அங்கங்கே பிரித்துக் காட்டுகிறேன்.

முதலில் உறுதியானது. சட்டப்படியோ விதிப்படியோ முனைவர் பட்டம் கட்டாயம் அன்று. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்திலும் ஆசிரியர் பணிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. ஆய்வும் கற்பித்தலும் சேர்ந்த வழியில் துணைப் பேராசிரியராகத் தொடங்கி, ஆறேழு ஆண்டுகளில் டென்யூர் எனப்படும் நிரந்தர நியமனத்துக்கான மதிப்பீட்டைச் சந்திக்க வேண்டும். கற்பித்தலையே முதன்மையாகக் கொண்ட விரிவுரையாளர் வழியும், நீண்டகாலத் தொழில் அனுபவம் உள்ளவர்களுக்கான வழியும் தனித்தனியே உள்ளன. இவை போக, அலுவலக வேலையை விடாமல் வாரம் ஒரு வகுப்பு எடுக்கும் பகுதிநேர ஆசிரியர்களும் இருக்கிறார்கள். 2017-இல் முதல் மாணவர்களைச் சேர்த்த சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி, குற்றவியல் சட்டத்தையும் குடும்பச் சட்டத்தையும் முன்னிறுத்துவது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் வயது முதிர்ந்த மாணவர்கள் அங்கே மிகுதி. உங்கள் எட்டு ஆண்டுகளில் பெரும்பகுதி குடும்ப நீதிமன்றத்தில் கழிந்தது என்று எழுதியிருப்பதால், அந்தக் கதவையும் தட்டிப் பாருங்கள்.

இனி என் கணிப்பு. ஆய்வு வழியில் நுழைய விரும்பும் ஒருவருக்கு இன்று முனைவர் பட்டம் எழுதப்படாத விதியாகிவிட்டது. ஒரு தலைமுறைக்கு முன்னர் இளநிலைப் பட்டத்தில் முதல் வகுப்பும், ஆக்ஸ்ஃபர்டிலோ கேம்பிரிட்ஜிலோ ஹார்வர்டிலோ ஓராண்டு முதுநிலைப் படிப்பும் இருந்தால் விரிவுரையாளராகலாம். இங்கிலாந்தில் எச்.எல்.ஏ. ஹார்ட் சட்டப் பட்டமே பெறாதவர். எட்டு ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்து, போர்க்காலப் பணியும் மெய்யியல் ஆசிரியர் பணியும் முடித்து, 1952-இல் ஆக்ஸ்ஃபர்டின் சட்டவியல் பேராசிரியரானார். (உங்களுக்கும் எட்டு ஆண்டுகள்தான் என்பதால் சொன்னேன். அவரை முன்னுதாரணமாகக் கொண்டு விண்ணப்பிக்க வேண்டாம்.) அந்தக் காலம் போய்விட்டது. முனைவர் பட்டம் வைத்திருப்பவர் கூடுதல் அறிவாளி என்று குழுக்கள் நம்புவதாக நான் நினைக்கவில்லை. தனி அறையில், யாரும் கேட்காமல், கட்சிக்காரரும் தவணைத் தேதியும் இல்லாமல், ஒரே கேள்வியை மூன்று நான்கு ஆண்டுகள் சுமந்து எழுதி முடிக்க இவரால் முடியும் என்பதற்கு அந்தப் பட்டம் சான்று. ஆய்வு வழியில் பதவி உயர்வு பெரும்பாலும் எழுத்தைப் பொறுத்தே அமைவதால், அவர்கள் தேடுவதும் அந்தச் சான்றைத்தான்.

கற்பிப்பது பிடிக்கும் என்பது நல்ல தொடக்கம். ஆனால் ஆய்வு வழியில் அது பாதி வேலைகூட அன்று. வகுப்பில் மாணவர்கள் நேசித்த ஆசிரியர் ஒருவர் ஐந்தாம் ஆண்டில் என் மேசைக்கு வந்து, "எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, எழுதத்தான் ஒன்றும் இல்லை" என்றார். அடுத்த ஆண்டு அவர் மறுபடியும் தொழிலுக்கே திரும்பிவிட்டார். அது தோல்வி என்று நான் கருதவில்லை. தவறான வாசல் வழியாக உள்ளே வந்தவர் அவர். விரிவுரையாளர் வழியில் வந்திருந்தால் இன்றும் அங்கேயே இருந்திருப்பார்.

இங்கே சட்டக் கல்வியின் வரலாறு குறுகியது என்பதால், அதைத் தெரிந்துகொண்டால் உங்கள் இடம் எது என்பது எளிதில் விளங்கும். இன்றைய தேசியப் பல்கலைக்கழகத்தின் முன்னோடியான அன்றைய மலாயாப் பல்கலைக்கழகத்தின் சட்டத் துறை 1956-இல் நிறுவப்பட்டு, 1957-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அவர்கள் 1961-இல் பட்டம் பெற்றார்கள். அதுவரை வழக்கறிஞராக விரும்பியவர்கள் பொதுவாக லண்டனுக்குத்தான் கப்பலேறினார்கள். முதல் புலத்தலைவர் லயனல் ஷெரிடன் பெயரில் இன்றும் தேசியப் பல்கலைக்கழகத்தில் இளம் கல்வியாளர்களுக்கான ஓர் ஆய்வாளர் பதவி உள்ளது. அதன் நிபந்தனைகளைப் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் பாருங்கள். பின்னாளில் துணைப் பிரதமரான எஸ். ஜெயகுமார் 1974 முதல் 1980 வரை அங்கே புலத்தலைவராக இருந்தார். அதற்கு முன் ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் சிங்கப்பூரின் நிரந்தரப் பிரதிநிதியாகப் பணியாற்றியிருந்தார். கல்விக்கும் அரசுப் பணிக்கும் இடையே அப்படி வந்துபோவது அந்தத் தலைமுறைக்கு இயல்பாக இருந்தது. இலங்கைத் தமிழரான எம். சொர்ணராஜா வேறொரு வகை. வெளிநாட்டு முதலீடு பற்றிய அனைத்துலகச் சட்டம் என்ற ஒரே களத்தைப் பல்லாண்டுகள் விடாமல் உழுதவர். அத்துறையில் அவர் 1994-இல் வெளியிட்ட நூல் அடுத்தடுத்த பதிப்புகளாக வளர்ந்தது. இவ்விருவரில் யாருடைய வாழ்க்கை உங்களை ஈர்க்கிறது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். இரண்டாமவர் என்றால் ஆய்வு வழி உங்களுக்குப் பொருந்தும்.

அதைச் சோதிக்க வேலையை விட வேண்டியதில்லை. ஆறு மாதம் எடுத்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் மட்டும் உட்கார்ந்து, எட்டாயிரம் முதல் பத்தாயிரம் சொற்களில் ஒரு கட்டுரை எழுதுங்கள். சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்தின் ஆய்விதழும், தேசியப் பல்கலைக்கழகம் 1959 முதல் வெவ்வேறு பெயர்களில் நடத்திவரும் ஆய்விதழும் தொழில் செய்யும் வழக்கறிஞர்களின் கட்டுரைகளையும் பரிசீலிக்கின்றன. ஒரு தீர்ப்பைச் சுருக்கி, "இது வரவேற்கத்தக்கது" என்று முடிக்கும் குறிப்பை எழுதாதீர்கள். அதை உங்கள் அலுவலகத்தின் செய்திமடலில் ஏற்கெனவே எழுதியிருப்பீர்கள். விடை தெரியாத ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாதத்தில், யாரும் வற்புறுத்தாமலே, அந்தக் கேள்வி குளியலறை வரை உங்களுடன் வந்தால் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். சனிக்கிழமைக் காலை வந்ததும் வீட்டைக் கூட்டிப் பெருக்கத் தோன்றினால் விரிவுரையாளர் வழியை நாடுங்கள்.

அத்தகைய கேள்வி எங்கே கிடைக்கும் என்றால், உங்கள் சாமான் அறையில். பெட்டிகளில் மலாயா தீர்ப்புத் தொகுதிகளும், ரத்தன்லால்–தீரஜ்லால், சர்க்கார் ஆகியோரின் இந்திய உரைநூல்களும் (சட்டப் பிரிவுகளுக்கு விளக்கம் சொல்லும் நூல்கள்) இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். சிங்கப்பூர் வழக்கறிஞர் அலுவலகத்தில் இந்திய உரைநூல் எதற்கு என்று இளையவர்கள் பலர் கேட்பார்கள். நம் தண்டனைச் சட்டம் 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை மூலமாகக் கொண்டது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியான நீரிணைக் குடியேற்றங்களுக்காக 1871-இல் இயற்றப்பட்டது. நம் சாட்சியச் சட்டம் 1893-ஆம் ஆண்டினது. அதன் மூலம் 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம். முன்பு அத்தியாய எண்ணால் குறிக்கப்பட்ட நம் சட்டங்கள், 2020 திருத்தப் பதிப்பு 2021 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்த பிறகு இயற்றப்பட்ட ஆண்டால் குறிக்கப்படுகின்றன. "தண்டனைச் சட்டம் 1871" என்று இப்போது எழுதும்போதெல்லாம், அது எந்தக் காலத்திலிருந்து வந்தது என்பதை அறியாமலேயே சொல்லிவிடுகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பஞ்சாபில் ஒருவர் ஈட்டியால் ஒரே ஒரு குத்துக் குத்தினார், வயிற்றில் பட்டது, குத்துப்பட்டவர் இறந்தார். குத்தியவருக்குக் கொல்லும் எண்ணம் இருந்ததா என்பது பெரிய கேள்வி அன்று. அந்தக் காயத்தை உண்டாக்கும் எண்ணம் இருந்ததா, அந்தக் காயம் இயல்பான போக்கில் மரணத்தை விளைவிக்கப் போதுமானதா என்பவையே கேள்விகள் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1958-இல் தீர்ப்பளித்தது. அதுதான் வீர்சா சிங் வழக்கு. அந்தக் காயம் உயிரைப் பறிக்கும் என்று குத்தியவர் அறிந்திருக்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். எது கொலை என்பதை வரையறுக்கும் நம் தண்டனைச் சட்டத்தின் 300-ஆம் பிரிவின் மூன்றாம் கூறுக்கு நம் நீதிமன்றங்கள் பொருள்கொண்டதும் அந்தத் தீர்ப்பின் வழியேதான். 2005-இல்கூட நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையே உறுதிப்படுத்தியது. பஞ்சாபின் ஓர் ஈட்டிக் குத்து சிங்கப்பூரில் மனிதர்களின் உயிரை நிர்ணயித்திருக்கிறது என்று முதலாண்டு மாணவர்களிடம் சொல்லும்போது வகுப்பறை அமைதியாகிவிடும். என் கற்பித்தலில் நான் நம்பியிருந்த ஓரிரு நிமிடங்களில் அதுவும் ஒன்று.

2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் அந்த 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பாரதிய நியாய சன்ஹிதா எடுத்துக்கொண்டது. சாட்சியச் சட்டமும் அன்றே புதிய சட்டத்துக்கு வழிவிட்டது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. பல இடங்களில் சொற்கள் அப்படியே இருக்கின்றன, சில இடங்களில் இல்லை. தாய் வீட்டில் பெயர் மாறிய சட்டம் மகள் வீட்டில் பழைய பெயரோடு வாழ்கிறது. இனி வரும் இந்திய உரைநூல்கள் புதிய எண்களின்படியே அமையும். அப்படியானால், பழைய எண்களோடு நிற்கும் நம் சட்டத்தை வாசிக்க எந்தப் பதிப்பைக் கையில் எடுப்பது? புதிய சட்டத்தின்கீழ் வரும் இந்தியத் தீர்ப்புகள் இங்கே எவ்வளவு தூரம் செல்லும்? இவற்றுக்கு முடிந்த விடை இல்லை. குடும்பச் சட்ட வழக்கறிஞரான உங்களுக்கு இது தொலைவாகத் தெரியலாம். ஆனால் சாட்சியச் சட்டத்தில் திருமணக் காலத்தில் பிறந்த குழந்தையின் தந்தை யார் என்பதைப் பற்றிய ஊகம் உங்கள் களத்துக்குள்தான் வருகிறது. உங்கள் எட்டாயிரம் சொற்கள் அங்கே காத்திருக்கின்றன என்பது என் எண்ணம்.

நூலகங்களுக்கும் இதே சிக்கல் உண்டு. "எல்லாம் இணையத்தில் இருக்கிறதே" என்பார்கள். தீர்ப்புகளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. 1990-இல் தொடங்கிய லாநெட் தளத்தில் நம் தீர்ப்புகளைத் தேடி எடுத்துவிடலாம். சட்டங்களின் வாசகம் அரசாங்கத் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஆனால் உரைநூல்களின் பழைய பதிப்புகள் அப்படி இல்லை. ஒரு நீதிபதி 1974-இல் ஓர் உரைநூலின் இன்ன பக்கத்தை நம்பித் தீர்ப்பளித்திருந்தால், அவர் கண்ட பக்கம் அந்தப் பதிப்பில்தான் இருக்கும். இணையத் தரவுத்தளம் புதிய பதிப்பை ஏற்றும்போது பழையதை ஓசையில்லாமல் எடுத்துவிடுவதும் உண்டு. சந்தா நின்றால் எதுவுமே மிஞ்சாது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். வேலையின் தொடக்கக் காலத்தில், இடநெருக்கடி காரணமாக, புதிய பதிப்பு வந்தவுடன் பழைய பதிப்பைக் கழித்துவிடும் வழக்கத்தை எந்தக் கேள்வியும் கேட்காமல் பின்பற்றினேன். இரண்டு தள்ளுவண்டி நிறைய உரைநூல்களின் முதல் பக்கத்தில் "கழிக்கப்பட்டது" என்று நானே முத்திரை குத்தி அனுப்பினேன். நான்கு ஆண்டுகள் கழித்து ஓர் ஆய்வு மாணவி, அவற்றில் ஒரு நூலின் நடுப்பதிப்பைக் கேட்டு வந்தார். நூலாசிரியர் எந்தப் பதிப்பில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்பதுதான் அவருடைய ஆய்வேட்டின் முடிச்சு. கடல் கடந்த ஒரு நூலகத்திலிருந்து அந்தப் பக்கங்களின் படி வந்துசேர ஏழு வாரம் ஆயிற்று. அதன் பிறகு பதிப்புகளைக் கழிக்கும் தாளில் கையெழுத்திடும்போதெல்லாம் என் கை சற்று நிதானித்தது.

இனி உங்கள் பெட்டிகள். தீர்ப்புத் தொகுதிகளைப் பெரும்பாலும் எந்தச் சட்ட நூலகமும் ஏற்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவர்களிடம் முழு வரிசை இருக்கும், கணினியிலும் இருக்கும். ஏற்றுக்கொள்ளும் புத்தகத்துக்கும் செலவு உண்டு. பட்டியலிட வேண்டும், இடம் ஒதுக்க வேண்டும், நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை மற்ற புத்தகங்களுக்குத் தொற்றாமல் காக்க வேண்டும். தோல் அட்டை சிதைந்து செம்பொடியாக விரலில் ஒட்டினால் அந்தத் தொகுதியைத் தனியே வையுங்கள். பக்கங்களின் ஓரத்தில் இராமபாணப் பூச்சி அரித்த தடம் தெரிந்தால் அந்தப் பெட்டியையே தனியே வையுங்கள். வெயிலில் காய வைக்க வேண்டாம். காற்றோட்டமான நிழல் போதும். பழைய உரைநூல்களின் நிலை வேறு. மேலே சொன்ன காரணத்தால் அவற்றைப் பற்றிக் கட்டாயம் விசாரியுங்கள். தேசியப் பல்கலைக்கழகத்தின் சி. ஜே. கோ சட்ட நூலகமும், நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் குவா கியோக் சூ சட்ட நூலகமும் நீங்கள் முதலில் எழுத வேண்டிய இடங்கள்.

நூலகர் ஒருவர் உண்மையில் ஆவலோடு பார்ப்பது அச்சடித்த பகுதியை அன்று. தீர்ப்பின் ஓரத்தில் பென்சிலால் "இது செல்லாது, 1963 தொகுதியைப் பார்" என்று யாரோ எழுதிய வரி, சட்டம் திருத்தப்பட்டபோது பிரிவின் மேல் பசை தடவி ஒட்டிய சீட்டு, பக்கங்களுக்கிடையே மறந்துபோன கட்டண ரசீது ஆகியவைதாம் ஒரு சட்ட அலுவலகம் அன்றாடம் எப்படி இயங்கியது என்பதைக் காட்டும்; வேறெங்கும் கிடைக்காதவை அவை. தலைமை எழுத்தரின் கையெழுத்து என்றால் இன்னும் சிறப்பு. ஏனெனில் வழக்கறிஞர்களின் நினைவுகள் ஏதோ ஒரு வடிவில் பதிவாகின்றன. எழுத்தர்களின் நினைவுகள் பதிவாவதில்லை. பெட்டிகளின் அடியில் தமிழில் எழுதிய பிராமிசரி நோட்டோ (கடன் உறுதிச் சீட்டோ), மார்க்கெட் ஸ்திரீட் செட்டியார் கிட்டங்கிகளின் (வட்டிக்கடைகளின்) விலாசம் பொறித்த தாளோ இருந்தால், சட்ட நூலகத்தைவிட விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்துக்கு முதலில் எழுதுங்கள். நீரிணைக் குடியேற்றங்களின் பழைய தீர்ப்புகளில் செட்டியார் கடைகள் வழக்காடிய வழக்குகள் கணிசமாக உண்டு. அந்த வழக்குகளின் மறுபக்கம் இத்தகைய தாள்களில்தான் இருக்கிறது.

ஒரே ஓர் எச்சரிக்கை. கட்சிக்காரர்களின் கோப்போ கடிதமோ அகப்பட்டால் எவரிடமும் கொடுக்காதீர்கள், படம்கூட எடுத்து அனுப்பாதீர்கள். வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான இரகசியம் அலுவலகத்தை மூடியதாலோ தாத்தா மறைந்ததாலோ தானாகக் காலாவதியாவதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததன்று. ஆனால் சொந்த வீட்டுப் பெட்டி என்று வரும்போது தொழில் புத்தி சற்று அயர்ந்துவிடும். அவற்றை ஓர் உறையிலிட்டு, அந்த அலுவலகத்தின் கோப்புகள் யாருடைய பொறுப்புக்குப் போயின என்பதை வழக்கறிஞர் சங்கத்தில் விசாரியுங்கள்.

பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நூலக வாசலில் இறக்காதீர்கள். நூலின் பெயர், பதிப்பு, ஆண்டு, தொகுதி எண், நிலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அதை மட்டும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். பதினொரு பெட்டிகளுக்கு இரண்டு வார இறுதிகள் போதும். தாத்தாவின் கையெழுத்து உள்ள தொகுதிகளுக்கு நேரே ஒரு நட்சத்திரக் குறி இடுங்கள். அந்தப் பட்டியல் என் மேசைக்கு வந்திருந்தால், முதலில் அவற்றைத்தான் பிரித்துப் பார்க்கக் கேட்டிருப்பேன்.